கோகிலா திறக்கும் பக்கம்

முதலில் சத்தம்தான் வரும். ஜவுளிக்கடைக்காரர் கத்தரியை மடக்கி மடக்கி வெட்டாமல், அதன் வாயைத் திறந்து வைத்தபடியே ஒரே தள்ளாகத் தள்ளும்போது துணி பிரிகிறதே, அந்த மாதிரி ஒரு சத்தம், போத்தனூர் ரயில்வே காலனி இரண்டாம் தெருவின் ஒரு கோடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து கிளம்பி, வாகை மரத்தைக் கடந்து, வாசல்களில் படுத்திருக்கும் நாய்களின் காதுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டே கடைசி வீடு வரை போய் நிற்கும். அது நின்ற பிறகுதான் கோடு கண்ணுக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் தொட்டால் வேறு பக்கத்துக்குப் போகும் சொற்களுக்கு ஒரு நீலம் இருக்குமே, அந்த நீலம். நூல் கனம். தொட்டால் கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் குடம் மாதிரி சில்லென்று இருக்கும். தொட்டியிலிருந்து கடைசி வீடு வரை, நடுவில் தொய்ந்து, இரண்டு முனையிலும் ஏறி, யாரும் கட்டாமல் எதிலும் மாட்டாமல், காற்றில் அது பாட்டுக்குத் தொங்கும்.

சத்தம் கேட்டதும் பிலோமினா அக்கா ஈரத்துணி பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவாள்.

"கோகிலா வந்துட்டா, வாங்கடி," என்பாள், ஏதோ சாயங்கால பாசஞ்சர் வந்துவிட்டது என்பதைப்போல.

கோகிலா வரவில்லை. கோகிலா மஸ்கட்டில் இருந்தாள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மதியச் சாப்பாட்டுக்கு அவளை விடும் நேரம் போத்தனூருக்கு வெயில் தாழும் நேரம். அவள் அங்கே டப்பாவைத் திறந்து ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே இன்னொரு கையால் போனில் அண்ணன் நாச்சிமுத்துவின் பக்கத்தைத் திறந்தால், இங்கே தெருவில் கோடு விழும். மூடினால் கோடு இல்லாமல் போகும். அறுந்து விழுவது, அவிழ்ந்து விழுவதெல்லாம் கிடையாது, சும்மா இல்லாமல் போகும், துணியெல்லாம் இருந்த இடத்திலேயே பொத்தென்று விழும். அதனால் கோட்டுக்குக் கீழே பழைய பாய்களை விரித்து வைக்கிற வழக்கம் இரண்டாம் தெருவில் வந்தது. வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை, கோடு வெகுநேரம் நிற்கும் என்று போர்வைகளையும் ஜன்னல் திரைகளையும் வெள்ளிக்கிழமைக்கு ஒதுக்கி வைக்கிற வழக்கமும் வந்தது. ஒருநாள் கோடு விழுந்த வேகத்தில் மறைந்தால், "பாவம், இன்னைக்கு அங்க கூட்டம் போலிருக்குது," என்பார்கள். ஒரு வாரம் வராமலே போனபோது பிலோமினா அக்கா நாச்சிமுத்துவின் கதவைத் தட்டி, "உந்தங்கச்சிக்குக் காய்ச்சலா என்னன்னு கேளு. ஒரு வாரமா எதிர்வீட்டுச் செல்லதுரை வேட்டி காயவே இல்ல," என்றாள். அவன் போன் செய்தான். காய்ச்சல்தான்.

நாச்சிமுத்து அந்தக் காலனியிலேயே பிறந்தவன். அப்பா ரயில்வேயில் இருந்தபோதே போய்ச் சேர்ந்ததால், ரயில்வேயில் ஒரு வேலையும் அந்த வீடும் அவனுக்கு வந்தன. ரயில்வே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ராத்திரி டியூட்டி. மணிக்கொரு தரம் அடிக்கும் போனுக்கு நடுவில் இருக்கிற நீண்ட சும்மாவை என்ன செய்வதென்று தெரியாமல், அங்கே ஓரங்கட்டி வைத்திருந்த ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டித் தானாகவே எல்லாம் கற்றுக்கொண்டவன். யாரும் சொல்லித் தரவில்லை. அடுத்தவர்கள் பக்கங்களின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று, சமையல் வாசனை வருகிற வீட்டை எட்டிப் பார்ப்பவனைப்போல எட்டிப் பார்த்துக் கற்றது. பின்னால் அந்தக் கம்ப்யூட்டரைக் கழித்துக் கட்டியபோது கேட்டு வாங்கி வீட்டுக்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டான்.

அதில்தான் அவன் ஒரு விக்கி வைத்திருந்தான். உலகமே கூடி எழுதுகிற விக்கி இல்லை, ஓர் ஆள் தன் வீட்டுக்காக எழுதிக்கொள்ளும் விக்கி. ஒரு சொல்லைத் தொட்டால் அந்தச் சொல்லுக்கான பக்கம், அதற்குள் இன்னொரு சொல், அதற்கும் ஒரு பக்கம். அம்மா இறந்துபோன வருஷம் அதை ஆரம்பித்தான். கோகிலா காரியத்துக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போனபிறகு, ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்ட்டியாண்ணா", "சாப்ட்டேன், நீ", "ஆச்சு" என்பதற்குமேல் இருவருக்கும் பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. சண்டை எதுவும் இல்லை. பேச்சு அது பாட்டுக்குத் தேய்ந்தது. பேச வராததை எழுதலாம் என்று பார்த்தான், எழுதவும் வரவில்லை; வரைய வந்தது. அதுவும் கையால் வரவில்லை, கணக்கால் வந்தது. இப்படிப் போ, இவ்வளவு வளை, இங்கே திரும்பு என்று சின்னச் சின்னக் கட்டளைகளாக எழுதினால், பக்கத்தைத் திறக்கிற நேரத்தில் அந்தக் கட்டளைகள் எழுந்து ஒரு கட்டத்துக்குள் கோட்டைப் போடும்.

கொடிக்கயிறு என்று ஒரு பக்கம், இரண்டு ஆணிக்கு நடுவில் அம்மாவின் கயிறு எப்படித் தொய்ந்ததோ அந்த வளைவு. சைக்கிள் என்று ஒரு பக்கம். அப்பாவின் சைக்கிள் டயரில் ஏறிய ஆணி, சக்கரம் உருள உருளத் தரையைத் தொட்டு எழுந்து தொட்டு எழுந்து காற்றில் போட்ட வில் வில்லான கோடு. கொசுவத்தி என்று ஒரு சுருள். மணி என்று ஒரு பக்கம். மணி அந்த வீட்டு நாய், அப்பாவின் சைக்கிள் நேராகப் போகும், நாய் எப்போதும் சைக்கிள் அந்தக் கணத்தில் எங்கே இருக்கிறதோ அதைப் பார்த்தே ஓடும், அதனால் அதன் வழி வளைந்து வளைந்து கடைசியில் சைக்கிளுக்குப் பின்னால் போய்ப் படிந்துவிடும். டம்ளர் என்று ஒரு பக்கம். காலையில் காப்பி டம்ளருக்குள் வெயில் விழுந்து, உள்சுவரில் பட்டுத் திரும்பி, காப்பியின் மேல் இரண்டு கன்னமும் ஒரு கூர்நுனியுமாகப் போடும் வெளிச்சக்கோடு. சின்ன வயதில் கோகிலா அதைக் குடித்துவிடக் கூடாதென்று காப்பியை ஆறவிட்டு அடி வாங்குவாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே ஒரே ஒரு வரி எழுதுவான். "இப்படித்தான் இருந்தது."

அந்த விக்கியின் சுட்டியை அவளுக்கு மட்டும் அனுப்பினான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. அதற்கடுத்த வாரம் தெருவில் கொடிக்கயிறு விழுந்தது.

காலனி அதைப் பற்றி இரண்டு நாள் பேசியது, மூன்றாம் நாள் பயன்படுத்தத் தொடங்கியது. முன்னால் டெலிபோன் கம்பி இழுத்த காலத்திலும் தெருவில் இப்படித்தான் ஏதோ ஒன்று குறுக்கே போகும், குனிந்து போய்ப் பழகியவர்கள். கொடிக்கயிற்றில் துணி காய்ந்தது. கொசுவத்தி விழுந்தால் அது தொங்காது, தெரு முழுக்கத் தரையோடு படுத்துச் சுருண்டு கிடக்கும். டாக்டர் நடக்கச் சொன்னவர்கள் எல்லாரும் அதன்மேல் வரிசையாக ஏறி, சுற்றிச் சுற்றி நடுவுக்குப் போய், அங்கே நின்று ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, எதிரே வருபவர்களோடு தோளை ஒதுக்கித் திரும்பி வருவார்கள். நேர்வழியில் நடப்பதைவிட இதில் சர்க்கரை நன்றாக இறங்குகிறது என்று மூன்றாம் தெருவிலிருந்தும் ஆள் வந்தது. மணியின் கோடு விழுந்தால் தெருநாய்கள் அதன்மேலேயே ஓடிப் பார்த்துவிட்டு, முடிவில் ஒன்றும் இல்லாததைக் கண்டு, கோபமில்லாமல் திரும்பி வந்து படுத்துக்கொண்டன.

சைக்கிள் கோடுதான் எல்லாருக்கும் பிடித்தது, ஆளுயரத்துக்கு மேல் வில் வில்லாகத் தெரு நெடுக. பிலோமினா அக்காவின் மகளுக்கு வளைகாப்பு வைத்தபோது அந்த வில்களில் பூச்சரம் தொங்கவிட வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை வந்துவிட்டது.

"தங்கச்சிகிட்டச் சொல்லி அன்னைக்கு அந்தச் சைக்கிள் பக்கத்தத் தெறக்கச் சொல்லேன்டா."

"அதெப்படிக்கா சொல்றது."

"வாயால சொல்றது."

அவன் சொல்லவில்லை. கோகிலா தன் விருப்பத்துக்கு எதைத் திறக்கிறாள் என்பதுதானே அவனுக்கு வரும் ஒரே சேதி. கொசுவத்தி என்றால் அவளுக்குத் தூக்கம் சரியில்லை. மணி என்றால் யாரோ ஊருக்குப் போகிறார்கள், அவள் வழியனுப்பிவிட்டு வந்திருக்கிறாள். டம்ளர் என்றால் நன்றாக இருக்கிறாள். பகலெல்லாம் தூங்கிச் சாயங்காலம் எழுந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சமைக்கிறவன் அந்தச் சத்தத்துக்காகத்தான் காதை வெளியே வைத்திருந்தான். அது வந்துவிட்டால் அன்றைக்கு டியூட்டிக்குப் போகும் நடையே வேறாக இருந்தது. கேட்டு வாங்கினால் அது சேதியில்லை. வளைகாப்பன்று கொடிக்கயிறு விழுந்தது. பரவாயில்லை என்று அதிலேயே பூவைத் தொங்கவிட்டார்கள். கர்ப்பிணிப் பெண் நின்ற இடத்தில் நன்றாகவே தொய்ந்திருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததைக் கெடுத்தது செல்லதுரையின் புது போன். செல்லதுரை எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், நாச்சிமுத்துவின் அப்பாவோடு வேலை பார்த்தவர். ஒரு சாயங்காலம் வந்து உட்கார்ந்து, "நாச்சி, ஊரே உம்பட கோட்டுல துணி காயப் போடுது. அதோட ஒரிஜினல நான் பாத்ததில்ல. இந்தப் போன்ல போட்டுக் குடு," என்றார். அவனும் சந்தோஷமாகத்தான் போட்டுக் கொடுத்தான். தொட்டார். வெளியே சத்தம் கிளம்பியது.

"கோகிலாவும் அங்க தெறந்துட்டா போலிருக்குது," என்று நாச்சிமுத்து எழுந்து எட்டிப் பார்த்தான்.

"அவ தெறக்கட்டும். இங்க ஒண்ணையும் காணமேடா தம்பி."

"வருமுங்ண்ணா, கொஞ்சம் இருங்க."

"என்னத்த இருக்கறது. வெத்துக் கட்டமாக் கெடக்குது. கீழ 'இப்படித்தான் இருந்தது'ங்குது. எப்படித்தான் இருந்துது?"

செல்லதுரை பக்கத்தை மூடினார், வெளியே துணிகள் பொத்தென்று விழுந்தன. திறந்தார், சத்தம் வந்தது. மூடினார். பிலோமினா அக்கா தெருவிலிருந்து, "யாருடா அது வெளையாடறது," என்று கத்தினாள்.

நாச்சிமுத்து போனை வாங்கிப் பார்த்தான். அவன் எழுதிய கட்டளைகள் அவனுடைய கிழட்டுக் கம்ப்யூட்டரின் கிழட்டு பிரவுசருக்கு மட்டும் புரிகிறவை. அதில் எல்லாம் சரியாக வந்ததால் எல்லாவற்றிலும் வருகிறது என்று நினைத்திருந்தான். வேறு பிரவுசர்கள் அவற்றைப் படித்து, புரியாமல், கட்டத்தைக் காலியாக வைத்துவிட்டு, கோட்டைத் தெருவில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருக்கின்றன. இத்தனை காலமும் கோகிலாவின் முன்னால் இருந்தது வெற்றுக் கட்டங்கள். கொடிக்கயிறு இல்லை, நாய் இல்லை, டம்ளருக்குள் வெளிச்சம் இல்லை. ஒன்றுமில்லாததைக் காட்டி இப்படித்தான் இருந்தது, இப்படித்தான் இருந்தது என்று அண்ணன் எழுதி அனுப்பியிருக்கிறான். அவளுக்கு உரியதைத் தெருவே பார்த்திருக்கிறது, அவள் மட்டும் பார்க்கவில்லை.

எல்லா பிரவுசருக்கும் புரிகிற மாதிரி மாற்றி எழுத முடியும். எழுதிவிட்டால் அவளுக்குத் தெரியும்; தெருவில் கோடு விழாது. அவள் பார்க்கிறாளா என்று அவனுக்கு இனி ஒருநாளும் தெரியாது.

மாற்றி எழுதப்போவதை அவன் தெருவில் சொல்லவில்லை, செல்லதுரை சொல்லிவிட்டார். மறுநாள் பெண்கள் நாலைந்து பேர் வாசலில் நின்றார்கள்.

"உனக்கு அவ பாக்கறது தெரியணும், எங்களுக்குத் துணி காயணும். ரெண்டும் நடக்குது. எதுக்குடா அதுல கை வெக்கறே?" என்றாள் பிலோமினா அக்கா.

"அவளுக்கு ஒண்ணும் தெரியலைங்க்கா."

"தெரியலைன்னு அவ சொன்னாளா?"

"சொல்லலை."

"பின்ன? கொறையிருந்தாச் சொல்லமாட்டாளா?"

"எங்கூட்ல யாரும் சொல்லமாட்டாங்க," என்றான். அக்காவுக்கு அந்த வீட்டைத் தெரியும். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பக்கெட்டை எடுத்தாள்.

"அப்ப வெள்ளிக்கிழமை தாண்டிச் செய்யி. கம்பளியெல்லாம் ஊறப் போட்டாச்சு."

வெள்ளிக்கிழமை தாண்டிச் செய்தான். கிழட்டுக் கம்ப்யூட்டரில் எழுதி, மற்ற வீடுகளில் போய்ப் பார்க்க வேண்டும். யார் வீட்டில் எந்த பிரவுசர் என்று அவன் விசாரித்துக்கொண்டு போனபோது, தேர்தலுக்கு ஓட்டுக் கேட்க வந்தவனை உட்கார வைப்பதைப்போல உட்கார வைத்தார்கள். செல்லதுரையின் போனில் எல்லாம் தலைகீழாக வந்தது, ஏனென்றால் கணக்கில் மேலே போவது திரையில் கீழே போவது என்பது அவனுக்கு அதுவரை தெரியாது. அன்று தெருவில் கொடிக்கயிறு கவிழ்ந்து கோபுர வாசல்போல நிமிர்ந்து நின்றது, போட்ட துணியெல்லாம் இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு ஓடின. பிலோமினா அக்கா மகளின் லேப்டாப்பில் கோட்டை மட்டும் போடாமல் கோட்டுக்குள் இருந்த இடத்தையெல்லாம் கறுப்பாக நிரப்பிவிட்டது, நிரப்பாதே என்று தனியாகச் சொல்லவேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியாது. தெருவில் டம்ளர் வளைவின் அளவுக்கு, இரண்டு கன்னத்தோடு, ஒரு குளிர்ந்த நிழல் விழுந்தது. மேகமும் இல்லை, மரமும் இல்லை, நிழல் மட்டும். மூன்றாம் தெரு ஆடுகள் வந்து அதில் படுத்து அசைபோட்டன. இதை இப்படியே விட்டுவிட்டால் என்ன என்று கோடையை நினைத்துச் சிலர் கேட்டார்கள். ஸ்டேஷன் ரோட்டு இன்டர்நெட் கடையில் கோடு வந்தது, கீழே இருந்த வரி வரவில்லை. அன்று கோடில்லாத வெறுந்தெருவில் யாரோ காதருகே "இப்படித்தான் இருந்தது" என்று முணுமுணுத்ததாக வயதானவர்கள் சொன்னார்கள், அவர்களில் இருவர் அழுதார்கள், ஏன் என்று கேட்டதற்கு அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை.

ஒவ்வொன்றாகச் சரியாயிற்று. ஒரு பிரவுசர் சரியாகும்போது தெருவில் நீலம் கொஞ்சம் வெளுத்தது. கடைசியில் செல்லதுரை தன் போனைத் தொட்டார், கட்டத்துக்குள் மணி ஓடியது, வளைந்து வளைந்து சைக்கிளின் பின்னால் போய்ப் படிந்தது. வெளியே எந்தச் சத்தமும் இல்லை.

"இது உங்கப்பன் சைக்கிளு," என்றார் செல்லதுரை. வெகுநேரம் போனைக் கீழே வைக்கவில்லை.

அதற்குப் பிறகு சாயங்காலங்கள் சாயங்காலங்களாக மட்டும் இருந்தன. நாய்கள் சிலநாள் அந்த நேரத்துக்குக் காதைத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டன. நடக்கிறவர்கள் சுண்ணாம்பால் ஒரு கொசுவத்தி போட்டுப் பார்த்தார்கள், மழையில் போயிற்று. நைலான் கயிறு வாங்கி வாகை மரத்துக்கும் மின்கம்பத்துக்கும் நடுவில் கட்டினார்கள். கட்டும்போது பிலோமினா அக்கா அவன் காதில் விழுகிற மாதிரி, "எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் கோகிலா மாதிரி வருமா," என்றாள். அவன் கதவைத் திறந்துவைத்துச் சமைத்தான், காதை வெளியே வைத்தான், பிறகு உள்ளே எடுத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. சாப்ட்டியாண்ணா, சாப்ட்டேன், நீ, ஆச்சு. இன்னொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே போயிற்று. அவள் பார்க்காமலே விட்டுவிட்டாள், வெற்றுக் கட்டம் சலித்துப்போய் நிறுத்தியிருக்கிறாள், தான்தான் அது தெரியாமல் இருந்த ஒரே கயிற்றையும் அறுத்துவிட்டோம் என்று நினைத்தான். பழையபடி மாற்றிவிடலாமா என்றுகூட ஒருநாள் உட்கார்ந்தான். கை போகவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அவன் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. செவ்வாய்க்கிழமை அவள் கூப்பிட்டதே இல்லை.

"அண்ணா. படமெல்லாம் தெரியுது."

"ம்."

"முன்ன தெரியல."

"தெரியும்."

"தெரியும்னாச் சொல்லியிருக்கலாமில்ல."

"நீ சொல்லியிருக்கலாமில்ல."

"நீ மெனக்கெட்டு உக்காந்து எழுதியிருப்ப. ஒண்ணுந் தெரியலைண்ணான்னு எப்படிச் சொல்றது?"

"அப்பறம் எதுக்குத் தெனமும் தெறந்துட்டே இருந்தே?"

"தெனமும் தெறந்தேன்னு உனக்கெப்படித் தெரியும்?"

நாச்சிமுத்து வெங்காயத் தோலைப் பார்த்தான்.

"காலனியில பேசிக்கிட்டாங்க," என்றான்.

அவள் சிரித்தாள். அம்மா இருந்தபோது சிரித்தது போலச் சிரித்துவிட்டு, மூக்கை உறிஞ்சினாள். "கீழ 'இப்படித்தான் இருந்தது'ன்னு போட்டிருப்பியா, அதப் படிச்சுட்டு, எப்படி இருந்துச்சுன்னு சாப்பிட்டு முடிக்கறவரைக்கும் நானே யோசிச்சுப் பாத்துக்குவேன். அதனால எல்லாம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. டம்ளர் தப்பு."

"என்ன தப்பு?"

"கூரு அந்தப் பக்கம் இருக்கணும். நீ தெருப்பக்கம் போட்டிருக்கே."

"கூரு எப்பவும் வெயில் வர்ற ஜன்னலப் பாத்துத்தான் நிக்கும். ஜன்னல் தெருப்பக்கம்தான இருக்குது."

"அது சாயங்கால வெயிலு. காப்பி குடிக்கறது காலையில. கெழக்க இருந்த ஜன்னல்லதான வெயில் வரும்."

"கெழக்க ஏது ஜன்னல்? நாந்தான் இந்த வீட்ல இருக்கறேன். நீயா இருக்கறே?"

"அம்மா பால் டம்ளர் வெக்கற ஜன்னல். பச்சைக் கம்பி, மூணாவது கம்பி வளைஞ்சிருக்கும். போய்ப் பாரு. நாளைக்கு மறுபடி பாப்பேன், மாத்தி வெச்சிரு."

போனை வைத்துவிட்டாள். அவன் எழுந்து கிழக்குப் பக்கம் போனான். அங்கே பீரோ நின்றது, அதன்மேல் பெட்டிகள், பெட்டிகளின்மேல் சுருட்டிய மெத்தை. ராத்திரி டியூட்டி கிடைத்த புதிதில், பகலில் தூங்க வெளிச்சம் இடைஞ்சலாக இருக்கிறது என்று அவனேதான் அந்தப் பீரோவை அங்கே தள்ளினான். தள்ளியதை மறந்தான், பிறகு எதை மறைக்கத் தள்ளினோம் என்பதையும் மறந்தான். கன்னத்தைச் சுவரோடு அழுத்தி, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்துக்குள் பார்த்தான். ஒட்டடைக்குப் பின்னால் பச்சை தெரிந்தது. மூன்றாவது கம்பி வளைந்திருந்தது.

கம்ப்யூட்டரைப் போட்டு, டம்ளர் பக்கத்தின் கட்டளைகளைத் திறந்து, ஓர் எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி வைத்தான். இரண்டு கன்னமும் இடம் மாறி, கூர் கிழக்கே திரும்பியது. சேமித்தான். வெளியே பிலோமினா அக்கா யாரையோ கயிற்றை இன்னும் கொஞ்சம் இழுக்கச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள். பீரோவை ஓர் ஆளாக நகர்த்த முடியாது. நாளைக்குச் செல்லதுரையைக் கூப்பிட வேண்டும். முகத்தில் ஒட்டியிருந்த ஒட்டடையைத் துடைத்துக்கொண்டு, முறத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்து, மிச்ச வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தான்.